தம்பிக்கு இரண்டு தாடையிலும் ஒப்பரேஷன்: வீட்டில் என்ன ஆயத்தம் செய்ய வேணும்?

தெஹிவளைக்காரி எழுதியது:

வணக்கம். தம்பிக்கு 22 வயது. கீழ்த்தாடை முன்னுக்கு நீட்டி, மேல்தாடை உள்ளுக்கு இருக்கு. ஒன்றரை வருஷமாப் பல்லுக்குக் கிளிப் போட்டு இப்பதான் ஒப்பரேஷனுக்குத் திகதி குடுத்திருக்கினம், இன்னும் ஐந்து கிழமை இருக்கு. மேல்தாடையை முன்னுக்குக் கொண்டுவந்து கீழ்த்தாடையைப் பின்னுக்கு வைப்பினமாம். ஒப்பரேஷனைப் பற்றி டொக்டர் விளக்கமாச் சொன்னவர். எனக்குத் தெரிய வேண்டியது அதுக்கு முந்தின இந்த ஐந்து கிழமையும், வீட்டுக்கு வந்த பிறகு வாற ஆறு கிழமையும்.

வீட்டில் மச்சம் சமைக்கிறதில்லை. தம்பி முட்டை மட்டும் சாப்பிடுவான். 58 கிலோ, ஏற்கெனவே மெலிஞ்ச ஆள். பகலில் நான் வேலைக்குப் போயிடுவன், அம்மா தனிய நிண்டு பார்க்க வேணும். என்ன வாங்கி வைக்கிறது, சாப்பாட்டை எப்படிக் குடுக்கிறது, எதைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேணும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

இன்னொண்டு. கிளிப் போட முந்தி இருந்ததை விட இப்ப கடி இன்னும் மோசமாத் தெரியுது. இது சரியோ?


கம்பியும் பல்லும் எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஒப்பரேஷனுக்கு முன் வீட்டாரைக் கலங்கடிப்பது பெரும்பாலும் இதுதான். தாடை எலும்பு பொருந்தாத இடத்தில் பற்கள் பல வருடமாகச் சாய்ந்து நின்று அந்தக் குறையை மறைத்திருக்கும். கீழ் முன்பற்கள் நாக்குப் பக்கம் சரிந்திருக்கும், மேல் முன்பற்கள் உதட்டுப் பக்கம் தள்ளியிருக்கும். கிளிப் போட்டதே அந்தச் சாய்வை நிமிர்த்தி, ஒவ்வொரு பல்லையும் அதன் சொந்த எலும்பின் நடுவில் நிறுத்தத்தான். நிமிர்ந்ததும் தாடைக்குள் இருக்கும் உண்மையான இடைவெளி முழுதாக வெளியில் வரும். சேர்ஜன் தாடையை அந்த இடைவெளி அளவுக்குத்தான் நகர்த்த முடியும். பற்களை நிமிர்த்தாமல் வெட்டினால் பாதித் தூரத்திலேயே பல் பல்லில் முட்டிவிடும். ஆகவே கடி மோசமாகத் தெரிவது வேலை சரியாக நடந்திருப்பதன் அடையாளம்.

இப்போது வாயில் இருப்பது தடித்த சதுரக் கம்பியாகவும், அதில் சின்னச் சின்னக் கொக்கிகளாகவும் இருக்க வேண்டும். அதைப் போட்ட பிறகு கடைசி அச்சோ ஸ்கேனோ எடுப்பார்கள். தாடையை வெட்டியபின் எந்த இடத்தில் வைத்துப் பூட்டுவது என்பதைக் காட்டும் பிளாஸ்டிக் தகட்டை அந்த அச்சை வைத்துத்தான் செய்வார்கள். அதன்பின் ஒரு பிரெக்கட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டிய சின்னத் துண்டு) கழன்றாலோ கம்பி வளைந்தாலோ பல் கொஞ்சம் நகர்ந்துவிடும், ஒப்பரேஷன் தியேட்டரில் தகடு உட்காராது. இந்த ஐந்து கிழமையில் எது கழன்றாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே அறிவியுங்கள். முறுக்கு, கச்சான், கரும்பு எல்லாவற்றையும் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

கீழ் ஞானப்பற்கள் இன்னும் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். கீழ்த்தாடையைப் பிளக்கும் கோடு அந்தப் பல் இருக்கும் இடத்தால்தான் போகிறது. பலர் ஆறு மாதம் முந்தியே அதைப் பிடுங்கி, குழியில் எலும்பு நிரம்ப விடுவார்கள். சிலர் அதே ஒப்பரேஷனில் எடுப்பார்கள். இருக்கிறதென்றால் பயம் வேண்டாம், ஆனால் அது சேர்ஜனின் திட்டத்தில் இருக்கிறது என்பதை உறுதிப்படுத்துங்கள்.

சிகரெட், வேப், வெற்றிலை எதுவானாலும் இன்றோடு நிறுத்த வேண்டும். மேல்தாடையை வெட்டிக் கீழிறக்கியதும் அது அண்ணத்துச் சதையாலும் கன்னத்துச் சதையாலும் வரும் இரத்தத்தில் மட்டுமே உயிரோடு நிற்கும். நிகொட்டின் சுருக்குவது அந்த மெல்லிய குழாய்களைத்தான்.

தம்பி மெலிந்தவர், மச்சம் இல்லை என்கிறீர்கள். ஒப்பரேஷனுக்கு முந்திய நாள்வரை பொறுக்காமல் இந்தக் கிழமையே ஒரு எஃப்பீசீ (முழு இரத்தக் கலக் கணக்கு) எடுத்து ஹீமோகுளோபின் பாருங்கள். குறைவென்றால் இரும்புச்சத்துக் குளிசையால் அதைத் தூக்க ஐந்து கிழமை உதவும், மூன்று நாள் உதவாது. அந்தக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது, தேயிலை இரும்பைப் பிடித்துவைத்துவிடும். தேசிக்காய்த் தண்ணியோடு கொடுங்கள். அரிஷ்டம், கசாயம், மீனெண்ணெய்க் குளிகை என்று எது எடுத்தாலும் மயக்கமருந்து டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

முடிந்தால் இப்போதே இரண்டு கிலோ ஏற்றப் பாருங்கள். பிறகு நாலைந்து கிலோ இறங்குவது வழமை.


கஞ்சிக்கோப்பை எழுதியது:

சாப்பாட்டைப் பற்றி நான் சொல்றன். இந்த ஒப்பரேஷனில் வீட்டாற்ற கையில இருக்கிறது அதுதான்.

முதல் இரண்டு கிழமை குடிக்கிற சாப்பாடு மட்டும். 3ஆம் கிழமையிலிருந்து 6ஆம் கிழமை முடியுமட்டும் சப்பாமல் விழுங்கக்கூடிய குழையல். சேர்ஜன் எக்ஸ்ரே பார்த்து ஓமெண்ட பிறகுதான் மெல்லச் சப்பத் தொடங்கிறது. இந்தக் கணக்குக்குக் காரணம் இருக்கு. வெட்டின எலும்பைப் பிடிச்சு நிக்கிறது மெல்லிய டைட்டேனியம் தகடும் சின்ன ஸ்குரூவும். அவை எலும்பை அசையாமல் வைக்கப் போதும், சப்புற பலத்தைத் தாங்கப் போதாது. நோவு இல்லை எண்டு 4ஆம் கிழமையில பாண் கடிச்சால் ஸ்குரூ தளரும், கடி மாறும்.

வாங்கி வைக்க வேண்டியது: நீள மூக்குள்ள 60 மில்லி சிரிஞ்ச் நாலு, அதில மாட்ட மெல்லிய இறப்பர் குழாய், கடையில சோஸ் ஊத்துற மாதிரியான மெது பிளாஸ்டிக் போத்தல் இரண்டு, கண் நுணுக்கமான வடி இரண்டு, சமையலறைத் தராசு, கைக்குழந்தைப் பல் தூரிகை இரண்டு, வாசலின், சின்ன டோர்ச், எழுதிக் காட்ட ஒரு பலகை. சிரிஞ்சும் குழாயும் ஒசுசல அரசாங்க மருந்துக்கடையிலயோ பெரியாஸ்பத்திரிப் பக்கத்து மருத்துவ உபகரணக் கடையிலயோ கேளுங்கோ. ஊசி போடுற சாதாரண சிரிஞ்ச் சரிவராது, மூக்குச் சின்னன், கஞ்சி அடைக்கும்.

குடுக்கிற விதம். கதிரையில நிமிர்ந்து இருக்க வைச்சு கழுத்தில துவாய் போடுங்கோ. சிரிஞ்சில 20 மில்லிக்கு மேல எடுக்காதேங்கோ. கன்னத்தை விரலால மெல்ல வெளிய இழுத்து, குழாய் நுனியைப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில பின்னுக்குக் கொண்டு போங்கோ. கடைசிக் கொடுப்புப் பல்லுக்குப் பின்னால ஒரு இடைவெளி இருக்கு, பல் பூட்டியிருந்தாலும் அதால உள்ளுக்குப் போகும். 5 மில்லி தள்ளிட்டு நிப்பாட்டுங்கோ. தொண்டை ஏறி இறங்கினதைக் கண்ட பிறகுதான் அடுத்த 5 மில்லி. முதல் நாள் அரைக் கோப்பை இறங்க அரை மணித்தியாலம் எடுக்கும், அம்மாவுக்கு அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கோ. கையில பலம் வந்ததும் சிரிஞ்சைத் தம்பியிட்டக் குடுத்துக் கண்ணாடிக்கு முன்னால இருத்துங்கோ. தானே குடுக்கிற ஆக்கள் கெதியாப் பழகுவினம்.

சூடு கவனம். உதடும் அண்ணமும் விறைச்சிருக்கிறதால சுடுறது தெரியாது. குழந்தைப் பாலைப் பார்க்கிற மாதிரி மணிக்கட்டில ஒரு துளி விட்டுப் பார்த்துத்தான் குடுக்க வேணும்.

இனிக் கணக்கு. ஆறுற காலத்தில கிலோவுக்கு ஒன்றரைக் கிராம் புரதம் எண்டு வைச்சால் 58 கிலோவுக்கு நாளுக்கு 87 கிராம். வெறும் கஞ்சியும் சூப்பும் குடுத்தால் இதில கால்வாசி கூட வராது. வயிறு நிரம்பும், உடம்பு கரையும்.

காலமை ஒரு லீற்றர் பசும்பாலைக் காய்ச்சி ஆறவிட்டு, அதுக்குள்ள 100 கிராம் கொழுப்பு நீக்கின பால்மாவைக் கட்டியில்லாமல் அடியுங்கோ. அந்த ஒரு ஜக்கிலேயே கிட்டத்தட்ட 68 கிராம் புரதமும் 1000 கலோரியும் இருக்கு. இதை ஐந்தாப் பிரிச்சு ஒண்டில வாழைப்பழம், ஒண்டில பட்டர்ஃபுரூட், ஒண்டில நெஸ்டமோல்ட் எண்டு போட்டால் வாய் சலிக்காது. மத்தியானம் 60 கிராம் மைசூர்ப் பருப்பைப் பூசணி, கரட்டோட குழைய அவிச்சு, தேங்காய்ப்பால் அரைக் கோப்பை விட்டு பிளெண்டரில அடிச்சு வடிச்சுக் குடுங்கோ, அதில 14 கிராம். பின்னேரம் அரிசிக் கஞ்சி கொதிக்கேக்க இரண்டு முட்டையை அடிச்சு ஊத்தி, நல்லா வெந்த பிறகு அரையுங்கோ, அது 12 கிராம். பச்சை முட்டை வேண்டாம். வாய்க்குள்ள தையல் இருக்கிற ஆளுக்கு வயித்தோட்டமும் சத்தியும் சேர்ந்து வந்தால் பெரிய பாடு.

பால்மா கூடி வயிறு ஊதினால் 50 கிராமாக் குறைச்சு, மிச்சத்துக்குத் தயிரை மோர்ப்பதத்தில அடிச்சுக் குடுங்கோ.

எல்லாம் பால்தேத்தண்ணி மாதிரி ஓட வேணும். சமபோஷாவும் இலைக்கஞ்சியும் நல்லதுதான், ஆனால் வல்லாரை நாரும் மாக்குறுணியும் பிரெக்கட்டில சிக்கும், இரண்டு தரம் வடியுங்கோ. கொய்யா, பாஷன்ஃபுரூட் விதை வேண்டவே வேண்டாம். கறுத்தக்கொழும்பான் மாம்பழ நாரையும் வடிக்க வேணும். முதல் கிழமை மிளகு, புளி, தேசிக்காய் தையலைக் கடிக்கும். சொதி ஓம், ரசம் பிறகு.

அரைச்சதைக் கொழும்பு வெக்கையில மேசையில வைக்காதேங்கோ. உடனே ஃபிரிட்ஜ், அண்டைக்கே முடிக்க வேணும். நாளுக்கு ஆறேழு தரம், தண்ணியோட சேர்த்து இரண்டு லீற்றருக்குக் குறையாமல். சிறுநீர் கடும் மஞ்சளாப் போனால் தண்ணி காணாது எண்டு அர்த்தம்.

3ஆம் கிழமைக்கு ஒரு அளவு சொல்றன்: நாக்காலயும் அண்ணத்தாலயும் நசிச்சால் நசிய வேணும். குழைஞ்ச சோறும் பருப்பும், சொதியில ஊறி உடைஞ்ச இடியப்பம், மசிச்ச உருளைக்கிழங்கு சரி. புட்டு, ரொட்டி, தோசை ஓரம் சரியில்லை.


காலிவீதி 6 எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் நல்லம். வீக்கத்துக்கு ஒரு கிழமை முழுக்க ஐஸ் வையுங்கோ, கெதியா வத்தும். குடிக்கிறதுக்கு ஸ்ட்ரோ குடுத்தால் சிரிஞ்சை விட லேசு.


இரவு டியூட்டி எழுதியது:

காலிவீதி, இரண்டிலும் திருத்தம் வேணும், குறை நினைக்காதேங்கோ. ஐஸ் முதல் 48 மணித்தியாலத்துக்குத்தான். துணி சுத்தி 20 நிமிஷம் வைச்சு 20 நிமிஷம் எடுக்கிறது. விறைச்ச கன்னத்தில நேரடியா வைச்சால் தோல் வெந்து போறதும் தெரியாது. வீக்கம் எப்படியும் 2ஆம், 3ஆம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், ஐஸ் வைக்காததால வந்ததில்லை. பிறகு ஈரச் சூடான துணியும் நடையும் உதவும். பெரும்பகுதி மூண்டு கிழமையில வத்தும், மிச்சம் மீதி மாதக்கணக்கில இருக்கும். கண்டல் கழுத்தால நெஞ்சுமட்டும் மஞ்சளா இறங்கும், அது புவியீர்ப்பு, பயமில்லை.

ஸ்ட்ரோவால உறிஞ்சேக்க வாய்க்குள்ள இழுவிசை வந்து தையலையும் இரத்தக்கட்டையும் இழுக்கும். உங்கட சேர்ஜன் விட்டால் விடட்டும், அதுவரைக்கும் வேண்டாம்.

தெஹிவளைக்காரி, மேல்தாடை வெட்டினது சைனஸ் சுவரால போகுது. அதால முதல் ஏழெட்டு நாள் மூக்கால பழைய கறுத்த இரத்தம் கசியும், ஒற்றி எடுங்கோ. மூக்குச் சிந்தக் கூடாது, குறைஞ்சது இரண்டு கிழமை. சிந்தினால் காத்து வெட்டுக்குள்ளால கன்னத் தோலுக்குக் கீழ போய், தொட்டால் நொறுநொறு எண்டு வீங்கும். தும்மல் வந்தால் உதட்டைத் திறந்து வாயால விட வேணும். மூக்கடைப்புக்கு உப்புநீர்த் துளி எத்தினை தரமும் விடலாம். சைலோமெட்டாசொலின் துளி ஐந்து நாளைக்கு மேல போனால் அதுவே அடைப்பைக் கூட்டும். படுக்கேக்க தலையணை மூண்டு, தலை 30 தொடக்கம் 45 பாகை உயர்வு.

சத்தி பயப்படுத்தும், அதுக்கு ஆயத்தமா இருங்கோ. முதல் இரவு விழுங்கின இரத்தத்தால கறுப்பாச் சத்தி வரும், அது பெரும்பாலும் வாட்டிலேயே முடிஞ்சிடும். வீட்டில வந்தால் ஆளை முன்னுக்குக் குனியவோ பக்கமாச் சரியவோ வையுங்கோ. வயித்தில இருக்கிறது தண்ணிச் சாப்பாடுதான், பல்லிடுக்காலயும் கன்னத்தாலயும் வெளிய வந்திடும். மூச்சு முட்டினால் எலாஸ்டிக்கை, அதாவது மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கொக்கியில மாட்டிப் பிடிக்கிற இறப்பர் வளையத்தை, வெட்டுங்கோ. கட்டிலுக்குப் பக்கத்தில கூர்மொட்டையான சின்னக் கத்தரிக்கோல் எப்பவும் இருக்க வேணும். கம்பியால பூட்டி அனுப்பினால் கம்பி வெட்டுற குறடு தந்து, எந்தக் கம்பியை வெட்டுறது எண்டு காட்டச் சொல்லுங்கோ. வாட்டை விட்டு வெளிக்கிட முந்தி அம்மா ஒருதரம் கையால தொட்டுக் காட்ட வேணும்.

எலாஸ்டிக்கை எந்தக் கொக்கியிலிருந்து எந்தக் கொக்கிக்கு எண்டு இரண்டு பக்கமும் போனில படம் எடுங்கோ. தம்பிக்கு அனேகமா மேல் கொடுப்புப் பல்லிலிருந்து கீழ் வேட்டைப் பல்லுக்குச் சாய்வாப் போகும். புதுக் கடியை மூளைக்குப் பழக்கிறது அதுதான். ஒவ்வொரு நாளும் புதுசு மாத்த வேணும், இறப்பர் வாய் ஈரத்தில இழுவையை இழந்திடும். கடி சரியில்லைப் போலத் தெரிஞ்சால் இரண்டாப் போடுறது, திசை மாத்துறது கூடாது, கோல் எடுங்கோ.

மருந்து. வீட்டுக்குத் தரேக்க கரையிற குளிசையோ பாணியோ கேளுங்கோ. 50 கிலோவுக்கு மேற்பட்ட வளர்ந்த ஆளுக்கு பரசிட்டமோல் ஒருதரம் 1 கிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நாளுக்கு 4 கிராமுக்கு மேல இல்லை. 5 மில்லியில 120 மில்லிகிராம் இருக்கிற சின்னப் பிள்ளையளின்ர பாணியில அந்த 1 கிராம் 40 மில்லிக்கு மேல போகும். இரண்டு தேக்கரண்டி குடுத்திட்டு நோவு நிக்கேல்லை எண்டு கலங்கிற வீடுகள் இருக்கு. குளிசையை நீங்களே இடிக்க முந்தி பார்மசியில காட்டிக் கேளுங்கோ, மெல்ல மெல்லக் கரையிற வகையை இடிச்சால் முழு மருந்தும் ஒரேயடியா இறங்கும்.

கொழும்பில இருக்கிறதால இதைக் கட்டாயம் சொல்ல வேணும். முதல் இரண்டு நாள் மெல்லிய காய்ச்சல் இருக்கலாம். அதுக்குப் பிறகு புதுசாக் காய்ச்சல் வந்தால் ஒப்பரேஷன் கிருமியெண்டு மட்டும் நினையாதேங்கோ, டெங்குவும் நினையுங்கோ. எஃப்பீசீ பார்க்குமட்டும் ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினக், அஸ்பிரின் மூண்டும் நிப்பாட்டி டொக்டருக்கு அறிவிக்க வேணும், அவை இரத்தப்போக்கைக் கூட்டும்.

ஓட வேண்டியது எப்ப? மூச்சு விடக் கஷ்டம், பளிச்செண்ட சிவப்பு இரத்தம் பத்து நிமிஷம் அமத்தியும் நிக்காமல் வாறது, ஒரு பக்கம் மட்டும் திரும்ப வீங்கிச் சூடாகிச் சீழ் மணக்கிறது, கடி திடீரெண்டு மாறினது, பார்வை மங்குறது, கெண்டைக்கால் வீங்கி நோகிறது. முதல் இரண்டுக்கும் 1990 இலக்கத்துக்குக் கோல் எடுங்கோ. அம்புலன்ஸ் இலவசம், கிட்டின பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டும். ஆஸ்பத்திரியால விடேக்க தாற டயக்னோசிஸ் கார்டின்ர பிரதி ஒண்டு தம்பியின்ர பேர்ஸில, ஒண்டு ஃபிரிட்ஜ் கதவில. கதைக்க முடியாத ஆளுக்குப் பதிலா அந்தக் கடதாசிதான் கதைக்கும்.


தெஹிவளைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் மனசார நன்றி. எல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். இரண்டு கேள்வி மிச்சம். நாடி, கீழுதடு விறைப்பு எவ்வளவு காலத்துக்கு? பல்லைத் துலக்கிறது எப்படி? வாயே திறக்காது எண்டீனம்.


கம்பியும் பல்லும் எழுதியது:

கீழ்த்தாடை எலும்பைக் குறுக்கே அறுப்பதில்லை. அவித்த பனங்கிழங்கைப் பிளப்பதுபோல நீளவாக்கில் உள்தகடு, வெளித்தகடு என்று பிரித்து, ஒன்றின்மேல் ஒன்றை வழுக்கி வைத்துப் பூட்டுகிறார்கள். சூரிச்சில் ஒப்வெகேசர் என்ற சேர்ஜன் 1950களில் வகுத்த வழி, இன்றும் அடிப்படை அதுதான். கிழங்கின் நடுவில் பீலி போவதுபோல அந்த எலும்புக்குள் கீழுதட்டுக்கும் நாடிக்கும் போகும் நரம்பு இருக்கிறது. அறுக்காவிட்டாலும் இழுபடும், நசியும். ஆகவே விறைப்பு ஏறக்குறைய எல்லாருக்கும் வரும். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் தொடங்கி ஒரு வருடத்துக்குள் திரும்பும், சிலருக்கு ஒரு பகுதி நிரந்தரமாக நிற்கும். இதை ஒப்பமிட முன் தம்பியும் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். எறும்பு ஊர்வதுபோலவும் சுள்ளென்றும் வந்தால் நரம்பு விழிக்கிறது என்று அர்த்தம். இது உணர்ச்சி நரம்பு, அசைவு நரம்பு அல்ல. சிரிப்பு கோணினால் அது வேறு, உடனே காட்ட வேண்டும். நாடி உணரும்வரை சவரத்துக்கு பிளேட் வேண்டாம், டிரிமர் போதும்.

துலக்குவது முதல் கிழமையில் பல்லின் வெளிப்பக்கம் மட்டும். குழந்தைத் தூரிகை, டோர்ச், கண்ணாடி. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், முதலில் ஒரு தம்ளர் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு சிரிஞ்சால் மெல்லக் கழுவி, பிறகு தூரிகை. தையல் இருப்பது மேலே உதட்டு மடிப்பிலும் கீழே கொடுப்புப் பல்லுக்கு வெளியிலும். அதைப் பார்க்க உதட்டை இழுக்க வேண்டாம், இழுத்தால் தையல் போட்ட இடம் பிளக்கும். கரையும் நூல், இரண்டு தொடக்கம் நாலு கிழமையில் தானே விழும். குளோர்ஹெக்சிடினைப் பற்பசைக்கு அரை மணித்தியாலம் தள்ளிப் பாவியுங்கள், பற்பசை நுரை அதன் வேலையைக் கெடுக்கும். அதோடு பிளேன்ரீ சேர்ந்தால் பல் கபிலமாகும்.

வாய் திறக்கும் பயிற்சி சேர்ஜன் சொல்லும் நாளில்தான். அந்த நாள் வந்ததும் ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவில் வைத்து, கிழமைக்குக் கிழமை ஒவ்வொரு குச்சியாகக் கூட்டுங்கள். தம்பியின் சொந்த மூன்று விரல் நிமிர்த்தி நுழைகிற அகலம்வரை போக வேண்டும். எத்தனை குச்சி என்று கலண்டரில் எழுதிவையுங்கள், கிளினிக்கில் கேட்பார்கள்.


கஞ்சிக்கோப்பை எழுதியது:

ஒண்டு விட்டுட்டன். உதடு வெடிக்கும், ஒப்பரேஷனில மணிக்கணக்கா இழுத்துப் பிடிச்சிருப்பினம். ஆஸ்பத்திரிப் பையில வாசலினை மேல வையுங்கோ, முழிச்சிருக்கிற நேரம் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பூச வேணும். உடுப்பும் முன்னுக்குப் பொத்தான் போடுற சேட்டாக் குடுத்து விடுங்கோ, தலையால கழட்டுற ரீசேட் வேண்டாம்.